லைட் லைனில் இருந்து பிளக் பொயிண்ட் எடுக்கலாமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் லயத்து வீடு. பின்னால் புதிதாக இறக்கிய குசினிக்கு லைட் லைனில் இருந்தே வயர் இழுத்து, கேத்தலுக்கு ஒரு பிளக் பொயிண்ட் போடலாம் என்கிறார் வயரிங் பாஸ். சரிவருமா?

பதில்: வேண்டாம் அண்ணே. லைட் லைன் பெரும்பாலும் 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர்தான், 2,000 வாட் கேத்தல் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும், லைட் லைனில் வழக்கமாக இருக்கிற 6 அம்பியர் பிரேக்கருக்கு அது அதிகம், விழுகிறதே என்று பெரிய பிரேக்கர் மாட்டினால் சுவருக்குள் வயர்தான் சூடேறும். மெயின் பெட்டியில் இருந்து 2.5 வயர், எர்த்தோடு, 20 அம்பியர் பிரேக்கரில் தனியாக எடுங்கள்.

இன்னொருவர்: மெயின் பெட்டியில் ட்ரிப் சுவிட்ச், அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச், 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழுகிற வகையா? டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். மழைக்கு விழுகிறது என்று அதை நேராக இணைத்துவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

கேட்டவர்: அமுக்கினேன், விழவே இல்லை!

பதில்: அப்போ முதலில் அதை மாற்றுங்கள், லைசன்ஸ் உள்ளவரை வைத்து. குசினி அப்புறம்.