புதுப்பிப்பு: மிக்குனி சோலெக்ஸ் 44 வந்து சேர்ந்தது

டாட்சன் 240இசட் காரின் எல்24 எஞ்சினுக்கு ஜப்பான் ஏலத்தில் மூன்று மிக்குனி சோலெக்ஸ் 44 கார்புரேட்டர்கள் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தருபவை) வந்திருக்கின்றன, எடுக்கலாமா என்று கேட்டிருந்தேனே, எடுத்துவிட்டேன். விற்றவர் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டாராம். இடைத்தரகர் கமிஷனும் கப்பல் கூலியும் கையைக் கடித்தன. போகட்டும், அசல் ஹிட்டாச்சி கார்புரேட்டர் இரண்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு தொண்டை (காற்று போகும் குழல்) உள்ள இந்த மூன்றை மாட்டினால் இனி ஆறு சிலிண்டருக்கும் ஆளுக்கொரு தொண்டை!

நீங்கள் சொன்னபடி முதலில் ஒவ்வொன்றிலும் த்ராட்டில் தண்டை (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் தண்டு) ஆட்டிப் பார்த்தேன். இரண்டு கச்சிதம், மூன்றாவது லொடலொட. அந்த இடுக்கில் காற்று புகுந்தால் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடுவது) சீராக இருக்காது. அதை லேத் கடையில் கொடுத்திருக்கிறேன். பெட்ரோல் தேங்கும் மிதவை அறைக்குள் பழைய பெட்ரோல் பழுப்பு வார்னிஷாகக் காய்ந்து கிடந்தது. பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மெயின் ஜெட் ஆறில், நான்கில் ஒரே அளவு எண், இரண்டில் வேறு. யாரோ கைவரிசை காட்டியிருக்கிறார்கள்.

அப்புறம், இந்தக் கார்புரேட்டர்களை எஞ்சினோடு இணைக்கப் பொருந்தும் இன்டேக் மேனிஃபோல்டு (கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.