32-பிட் விண்டோஸில் 8 ஜிபி ராம் போடலாமா?

குமுளி வியாபாரி:
எங்கள் ஏலக்காய்க் கடை மடிக்கணினியில் 2 ஜிபி ராமும் 32-பிட் விண்டோஸ் 7-உம் உள்ளன. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து பில் மென்பொருளோடு பிரவுசரையும் திறந்தால் கணினி திணறுகிறது. ராமை 8 ஜிபியாக உயர்த்தினால் சரியாகுமா?

கம்பம் சர்வீஸ்:
வேண்டாம், அண்ணாச்சி. ராமின் ஒவ்வோர் இடத்தையும் குறிக்கும் 32 பிட் முகவரி எண்கள் 4 ஜிபியோடு முடிந்துவிடும். அதற்குள்ளேயே கிராபிக்ஸ் முதலிய சாதனங்களுக்கும் முகவரி ஒதுக்கப்படுவதால், 4 ஜிபி போட்டாலும் பெரும்பாலும் 3 முதல் 3.5 ஜிபி வரைதான் பயன்படும். இன்னொரு 2 ஜிபி போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
கம்பம் நண்பர் கூறுவது பாதி உண்மைதான். 1995-இல் வந்த இன்டெல்லின் பென்டியம் புரோ பிராசஸரிலேயே பிஏஇ (PAE) என்னும் வசதி 36 பிட் முகவரியைத் தந்து, எல்லையை 64 ஜிபிக்கு உயர்த்திவிட்டது. நிறுவன சர்வர்களுக்கான விண்டோஸ் சர்வர் 2008 என்டர்பிரைஸின் 32-பிட் பதிப்பும் அந்த 64 ஜிபியை ஏற்றது. சாதனங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் பல 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரிகளைக் கையாளத் தெரியாமல் தடுமாறியதால், சாதாரணக் கணினிகளுக்கான பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் போட்ட வேலியே இது. 64-பிட்டுக்கு மாறி 8 ஜிபி போடுவதே முறை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்ட நிலையில், அதில் இணையத்தைத் திறப்பதே ஆபத்து. கேரள அரசுப் பள்ளிகளில் அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் வழங்கும் லினக்ஸ் இயங்குதளம்தான் ஓடுகிறது. நம் கடைகளுக்கும் அது போன்ற ஒன்று போதும்.

கம்பம் சர்வீஸ்:
வேலியைப் போட்டவர் யாராயினும், ஐயா, அண்ணாச்சியின் கடை அதற்குள்தான் நடக்கிறது. 32-பிட் விண்டோஸை அப்படியே 64-பிட்டாக உயர்த்த வழியில்லை. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அதன் பிறகு டாஸ் மென்பொருள் நேரடியாக ஓடாது, பழைய பிரிண்டரின் 32-பிட் டிரைவரும் ஏறாது. ஏல நாளில் பில் அடிக்க முடியாவிட்டால் 8 ஜிபியால் என்ன பயன்?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
அந்த அச்சம் நியாயமானது. பழைய ஹார்டு டிஸ்கைத் தொடாமல் கழற்றி வைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டியில் 64-பிட் லினக்ஸை நிறுவி, டாஸைப் போலவே செயல்படும் டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருளில் பில் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். அச்சு சரியாக வராவிட்டால் பழைய டிஸ்கையே மாட்டி, இணையத் தொடர்பை அறுத்து, பில் போட மட்டும் வைத்துக்கொள்ளலாம். 4 ஜிபியோடு நிறுத்துவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

கம்பம் சர்வீஸ்:
ராம் வாங்கும் முன் மதர்போர்டு எவ்வளவு ஏற்கும் என்று பாருங்கள், அண்ணாச்சி. அதில் ராமைக் கையாளும் சிப்செட் இன்டெல் 945 ஆக இருந்தால், 64-பிட் போட்டாலும் 4 ஜிபியைத் தாண்டாது. கணினியின் மாடல் எண்ணை இங்கே எழுதுங்கள்.