ஸ்டாண்டர்டு ஹெரால்டு: ஒயரிங் படம், ரிப்பேர் புத்தகம் எங்கே கிடைக்கும்? (அவசரம்)

காசிமேட்டுக்காரன்
வணக்கம். அப்பாவின் ஹெரால்டு. பிரேக் மிதித்தால் முன்னால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. டாஷ்போர்டில் சார்ஜ் ஆகவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கும் அணைய மாட்டேன் என்கிறது. பட்டறையில் காட்டினால் மொத்த ஒயரிங்கையும் மாற்றணும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம், இந்த வண்டியில்தான் போகணும் என்று அம்மா ஆசைப்படுகிறார். ஒயரிங் படமும் புத்தகமும் எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். மூர் மார்க்கெட்டில் தேடிவிட்டேன், இல்லை.

பெரம்பூர்வாசி
எந்த மாடல் தம்பி? இரண்டு கதவா, நான்கு கதவா? பேட்டரியை சார்ஜ் செய்யப் பழைய டைனமோதான் இருக்கிறதா, புது வகை ஆல்டர்னேட்டர் மாற்றியிருக்கிறதா? பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது, பிளஸ்ஸா மைனஸா? இது தெரியாமல் படம் கையில் இருந்தாலும் பயனில்லை.

லூகாஸ்தாசன்
இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. வண்டியைப் பற்றி ஒரு வரி எழுதாமல் படம் மட்டும் கேட்கிறார்கள். படத்தைப் படிக்க முதலில் லூகாஸ் நிறங்கள், அதாவது லூகாஸ் கம்பெனி ஒயர்களுக்கு வைத்த நிறக்குறி, தெரிய வேண்டும். பிரவுன் என்றால் சாவி போடாவிட்டாலும் கரண்ட் இருக்கும். வெள்ளை, சாவி போட்டபின் வருவது. பச்சை, பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் மீட்டர்களும். நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட்டும் டெயில் லைட்டும், கறுப்பு எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி. பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது. இதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தால் பேசலாம். உங்கள் பிரச்சினை கட்-அவுட், அதாவது டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச். சிவப்பு விளக்கு அணையவில்லை என்றாலே கட்-அவுட்தான்.

எம்.சி.ரோட்டுக்காரி
காசிமேட்டில் வண்டி எங்கே நிற்கிறது? வெட்டவெளியிலா, ஷெட்டிலா? கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் பச்சை பூத்திருக்கும். எங்கள் அண்ணன் வண்டியில் பல்பு ஹோல்டரைக் கழற்றினால் உள்ளே உப்பு பொடியாகக் கொட்டியது. முதலில் உப்புத்தாள் எடுத்து எல்லா முனைகளையும் தேய்த்துப் பாருங்கள், அப்புறம் படம் தேடலாம்.

வண்டலூர் ரசிகன்
புத்தகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் பெயரில் வந்தது. நம் ஊரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் விற்றது. ஹேன்ஸ் கம்பெனி டிரையம்ஃப் ஹெரால்டுக்குப் போட்ட ரிப்பேர் புத்தகம் பழைய பிரதியாக இன்னும் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவு கூடுதல்தான், ஆனால் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் முன் சஸ்பென்ஷனுக்கும் அது போதும். கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே பிற்பாடு 1147 சிசி, 1296 சிசி என்று எஞ்சினை ஏற்றிக்கொண்டே போனார்கள், நாம் கடைசிவரை 948-லேயே நின்றோம். அதனால் புத்தகத்தில் 948 என்று போட்டிருக்கும் பகுதியை மட்டும் பாருங்கள். 1200 மாடலுக்கான (அந்த 1147 சிசி) அளவை எடுத்து போல்ட்டை முறுக்கிவிடாதீர்கள்.

உங்கள் வண்டி நான்கு கதவு என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் வந்ததே இல்லை, அது இங்கே மட்டும் செய்தது. பாடி, கதவு, உள்விளக்கு ஒயர் போகும் வழி எதுவும் அந்தப் புத்தகத்தில் அப்படியே இருக்காது. பழைய ஓனர்ஸ் கையேடு யாராவது பத்திரமாக வைத்திருந்தால்தான் உண்டு. புதுப்பேட்டையில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பார்ட்ஸுடன் காகிதமும் சேர்ந்து வந்திருக்கும்.

காசிமேட்டுக்காரன்
நான்கு கதவு. டைனமோ. மைனஸ் பாடிக்குப் போகிறது. நிறம் பார்க்க முடியாது, முன்பு ஒருவர் ஒயரிங் செய்தபோது எல்லாவற்றையும் சிவப்பும் கறுப்புமாகப் போட்டுவிட்டார். ஷெட்டில்தான் நிற்கிறது. போன மாதம் பெயிண்ட் அடித்தோம், அப்போதுதான் பின் லைட் எல்லாம் கழற்றி மாட்டினார்கள்.

பெரம்பூர்வாசி
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும் தம்பி. பெயிண்ட்தான் காரணம்.

நான் கேரேஜ் ஒர்க்ஸில், அதாவது ரயில் பெட்டிப் பட்டறையில், டிரெயின் லைட்டிங் பார்த்தவன். ரயில் பெட்டிக்கு அடியில் அச்சிலிருந்து பெல்ட் போட்டு ஓடிய டைனமோக்களோடு வாழ்ந்தவன். விளக்கு விசித்திரமாக எரிந்தால் எர்த்தைப் பார் என்றுதான் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். உன் வண்டியில் நடப்பதைச் சொல்கிறேன், கேள். பிரேக் பல்பும் பின் இண்டிகேட்டர் பல்பும் ஒரே எர்த்தில் நிற்கின்றன. அந்த எர்த் பெயிண்ட்டில் அடைபட்டுவிட்டது. பிரேக் கரண்ட்டுக்குத் திரும்பும் வழி இல்லை. அது பின் இண்டிகேட்டர் பல்புக்குள் புகுந்து, அந்த ஒயர் வழியாகவே முன் இண்டிகேட்டருக்குப் போய், அங்கே எர்த் ஆகிறது. ஒரே கரண்ட் எல்லா பல்பு வழியாகவும் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதால்தான் மங்கல். நீ ஒயரிங் எதையும் மாற்ற வேண்டாம்.

சோதிப்பது சுலபம். ஒரு நீள ஒயரை எடு. ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொரு முனை பின் லைட்டின் உலோக அடியில். பிரேக்கை யாரையாவது மிதிக்கச் சொல். முன் இண்டிகேட்டர் அணைந்து பிரேக் லைட் பளிச்சென்று எரிந்தால் எர்த்தேதான். ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, உலோகம் தெரிந்ததும் மாட்டு. மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடு. ஹெரால்டில் இன்னொரு விஷயம், அதன் பாடி ஒரே கூடு அல்ல. முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாகச் சேசிஸில் போல்ட் போட்டு இணைத்தது. அந்த போல்ட் அடியிலும் பெயிண்ட் போயிருந்தால் பின்பக்கம் முழுவதற்கும் எர்த் கிடைக்காது. டிக்கியிலிருந்து சேசிஸுக்குத் தனியாக ஒரு கறுப்பு ஒயர் போட்டுவிட்டால் கவலை இல்லை.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்
எர்த் சரி. சிவப்பு விளக்குக்கு வழி ஒன்றுதான். அந்த டைனமோவைக் கழற்றிப் போட்டுவிட்டு மாருதி 800 ஆல்டர்னேட்டர் மாட்டுங்கள். மழையில் வைப்பர், ஹெட்லைட் இரண்டும் போட்டுக்கொண்டு மணலி சிக்னலில் நின்றால் டைனமோ ஒன்றும் தராது, பேட்டரி காலி. நான் மாற்றினேன், நிம்மதியாக இருக்கிறேன்.

லூகாஸ்தாசன்
இதுதான் பழைய வண்டிகளுக்கு நடக்கும் கொலை. சென்னை பாடி பகுதியிலேயே லூகாஸ் டிவிஎஸ் இருக்கும் ஊரில், 1961-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி இந்த சாமான்களைச் செய்த ஊரில், டைனமோவைத் தூக்கிப்போடச் சொல்கிறீர்கள். ஆல்டர்னேட்டர் போட்டால் விண்டேஜ் பதிவே கிடைக்காது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்
தவறு. 2021-இல் வந்த விதி 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு. சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யக்கூடாது என்கிறது. டைனமோவைப் பற்றி அதில் எதுவும் இல்லை. விண்டேஜ் வண்டிக்குக் கொடுக்கும் விஏ நம்பருக்கு 20,000 ரூபாய் கட்டி எடுத்தாலும் அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் அனுமதி. இவர் நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டியவர், விஏ பேச்சே வேண்டாம். சாதாரண ஆர்சியைப் புதுப்பித்து வைத்திருப்பதுதான் நல்லது.

லூகாஸ்தாசன்
விதி தெரியாமல் பேசவில்லை. அசலாக வைத்திருப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. அது உங்களுக்குப் புரியாது.

எம்.சி.ரோட்டுக்காரி
இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட வேண்டும்.

பெரம்பூர்வாசி
டைனமோவைச் சோதிக்காமல் அதைக் குற்றம் சொல்ல வேண்டாம், கட்-அவுட்டையும் சொல்ல வேண்டாம். தம்பி, முதலில் பெல்ட் இறுக்கம் பார். அப்புறம் டைனமோவில் இருக்கும் இரண்டு ஒயரையும் கழற்று. பெரிய முனை டி, சிறிய முனை எஃப். இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, வோல்ட் மீட்டரின் ஒரு கம்பியை அங்கே வை, இன்னொன்றை டைனமோ உடம்பில் வை. எஞ்சினை மெதுவாக ஏற்று. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குள் வோல்ட் விறுவிறுவென்று ஏற வேண்டும். 20-ஐத் தாண்ட விடாதே, ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடிக்காதே. நன்றாக ஏறினால் டைனமோ நல்லது, கோளாறு ஒயரிலோ கட்-அவுட்டிலோ. அரை வோல்ட்டில் நின்றால் ஃபீல்டு காயில். நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சர். எதுவுமே வராவிட்டால் கார்பன் தேய்ந்திருக்கும், அது சின்ன வேலை.

இன்னொன்றும் கேட்கணும். பழைய ஹெரால்டுகள் பிளஸ் எர்த். உன் வண்டியில் யாராவது மைனஸுக்கு மாற்றியிருந்தால் டைனமோவைப் போலரைஸ் செய்தார்களா, அதாவது அதன் பிளஸ் மைனஸையும் திருப்பினார்களா? செய்யாவிட்டால் டைனமோ தலைகீழாகக் கரண்ட் கொடுக்கும், கட்-அவுட் பாயிண்ட் கருகிவிடும். எஃப் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு ஒயரை டைனமோவின் எஃப் முனையில் நொடி நேரம் இரண்டு மூன்று தடவை தொட்டு எடுத்தால் போதும். இக்னிஷன் காயிலையும் பார். மைனஸ் எர்த் என்றால் காயிலின் மைனஸ் முனைதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும்.

வண்டலூர் ரசிகன்
ஐயா சொன்னதோடு இதையும் செய்யுங்கள். எல்லாம் சிவப்பும் கறுப்பும் என்றால் எந்தப் புத்தகப் படமும் உங்களுக்கு உதவாது. ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி ஒரே எண்ணை எழுதிக்கொண்டே போங்கள், ஒரு நோட்டில் நீங்களே வரையுங்கள். அடுத்து வண்டியைத் தொடும் எலக்ட்ரீஷியனுக்கு அந்த நோட்டுதான் புத்தகம்.

காசிமேட்டுக்காரன்
எர்த்தேதான். வலது பின் லைட் அடியில் முழுக்க பெயிண்ட். சுரண்டினேன், சேசிஸுக்குத் தனி ஒயரும் போட்டேன், பிரேக் இப்போது சரி. பெரம்பூர் ஐயாவுக்கு ரொம்ப நன்றி. டைனமோவை நாளைக்குப் பார்க்கிறேன், இப்போது மண்டபத்துக்குப் போகணும்.

பெரம்பூர்வாசி
சந்தோஷம் தம்பி. சிவப்பு விளக்கு அணையாமல் ஞாயிற்றுக்கிழமை தூரமாகப் போகாதே. முந்தின ராத்திரி பேட்டரியை வெளியில் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு போ, பகலிலேயே திரும்பிவிடு.

லூகாஸ்தாசன்
மீட்டர் எத்தனை வோல்ட் காட்டியது என்று எழுதுங்கள். கட்-அவுட் என்று நான் சொன்னது இன்னும் நிற்கிறது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்
நிச்சயதார்த்தம் முடிந்ததும் மணலி பக்கம் வாருங்கள், என் வண்டியில் ஆல்டர்னேட்டர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுகிறேன்.