என் தொடர்கதையை என் அனுமதி கேட்காமலே ஆடியோ நாவலாக்கிவிட்டார்கள்: எனக்கு உரிமை உண்டா?

முல்லைக்கொடி:
வணக்கம். நான்கு ஆண்டுகளாக என் சொந்தத் தளத்தில் தொடர்கதை எழுதி வருகிறேன். வாரம் இரண்டு அத்தியாயங்களாக எட்டு மாதம் எழுதி முடித்த நாவலை ஒரு சேனல்காரர் முழுவதுமாக வாசித்து ஆடியோ நாவலாக ஏற்றியிருப்பதை, வாசகி ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். தலைப்பையும் நாயகியின் பெயரையும் மாற்றியிருக்கிறார். என் பெயர் எங்கும் இல்லை. அதே கதையின் பிடிஎஃப் ஒரு வாசகர் குழுவிலும் சுற்றுகிறது. கேட்டதற்கு, "இணையத்தில் சும்மா கிடைப்பதைத்தானே வாசித்தோம்? வேண்டுமானால் நன்றி போட்டுவிடுகிறோம்" என்று பதில் வந்தது. கதைக்கு நான் பதிப்புரிமைப் பதிவு செய்யவில்லை. அச்சிட முன்வந்த பதிப்பாளரும், எல்லோரும் கேட்டு முடித்த கதையை யார் வாங்குவார்கள் என்று இப்போது தயங்குகிறார். சட்டப்படி எனக்கு ஏதேனும் வழி உண்டா?

ஏட்டுச்சுவடி:
உரிமை முழுவதும் உங்களுடையதுதான், அம்மா. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு எழுதப்பட்டவுடனேயே உரிமை உண்டாகிவிடுகிறது. பதிவு கட்டாயமன்று, ஆனால் செய்திருந்தால் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக நிற்கும். இலக்கியப் படைப்பை ஒலிப்பதிவாக்கும் உரிமையைப் பிரிவு 14 அதன் உரிமையாளருக்கே தருகிறது. ஆகவே, படிப்பதற்காக நீங்கள் திறந்து வைத்ததை வாசித்துப் பதிவேற்ற உங்கள் அனுமதி வேண்டும். நன்றி போடுவது அனுமதிக்கு ஈடாகாது. உங்கள் பெயரை நீக்கியது இன்னும் கொடியது. தன் படைப்புக்குத் தானே ஆசிரியர் என்று கோருவதற்கும், தன் நற்பெயர் கெடும்படி அது சிதைக்கப்படுவதைத் தடுப்பதற்கும் பிரிவு 57 தரும் உரிமை, பதிப்புரிமையைப் பிறருக்கு எழுதிக் கொடுத்த பின்னும் எழுத்தாளரிடமே இருக்கும். தெரிந்தே மீறுவோருக்குப் பிரிவு 63இன்கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கரிசல்மண்:
எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. நான் செய்த பிழை, சான்று எதையும் எடுத்து வைக்காமல் முதலில் அவர்களிடமே கேட்டது. மறுநாளே அழித்துவிட்டு வேறு பெயரில் ஏற்றிவிட்டார்கள். எனவே இன்றைக்கே இணைப்பும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒலியைச் சேமித்து, எந்த நிமிடத்தில் உங்கள் எந்த வரி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தளத்தில் ஒவ்வொரு அத்தியாயமும் வெளியான தேதியே உங்களுக்குப் பெரிய சான்று. பிறகு ஆடியோ ஏற்றப்பட்ட தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில் உங்கள் கதை, அவர்களின் ஆடியோ ஆகிய இரு இணைப்புகளையும் கொடுங்கள். யூடியூபில் 90 நாட்களுக்குள் மூன்று ஸ்டிரைக் (பதிப்புரிமை மீறலுக்கான எச்சரிக்கை) விழுந்தால் சேனலே நீக்கப்படக்கூடும். ஆனால் ஏற்றியவர் எதிர்ப்பு மனு கொடுத்தால், 10 வேலை நாட்களுக்குள் நீங்கள் வழக்குத் தொடுத்ததைக் காட்ட வேண்டும். இல்லையேல் காணொளி திரும்ப வந்துவிடும். புனைபெயரில் எழுதுகிறீர்கள் என்றால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: புகார் கொடுத்தவரின் பெயர் எதிர்த்தரப்புக்குத் தெரியவரும்.

கடல்கடந்தவன்:
நான் வளைகுடாவில் வேலை செய்கிறேன். இங்கே தமிழ்ப் புத்தகம் எளிதில் கிடைக்காததால் குழுக்களில் வரும் பிடிஎஃப்களைத்தான் பல ஆண்டுகள் படித்தேன். எழுதியவரின் அச்சு வாய்ப்பை அது கெடுக்கும் என்று நினைத்ததே இல்லை. அந்தக் குழுக்களை நடத்துபவர் யாரென்று எங்களுக்கே தெரியாதே, அவர்கள்மீது எப்படி நடவடிக்கை எடுப்பது?

ஏட்டுச்சுவடி:
அதற்கும் வழி பிறந்திருக்கிறது. பயிற்சி நூல்களும் காணொளிகளும் டெலிகிராமில் திருட்டுத்தனமாகப் பகிரப்பட்டது குறித்து ஓர் ஆசிரியை தொடுத்த வழக்கில், அந்தச் சேனல்களை நடத்தியோரின் விவரங்களை ஒப்படைக்குமாறு டெலிகிராம் நிறுவனத்துக்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் ஆணையிட்டது. தங்கள் சேவையகம் சிங்கப்பூரில் இருக்கிறது என்ற நிறுவனத்தின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்குச் செலவு உங்களைப் போன்ற தனி எழுத்தாளருக்குப் பாரம்தான் என்பதால், அதே குழுவில் கதை பறிபோன மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு வழக்குரைஞரைப் பாருங்கள்.

முல்லைக்கொடி:
இருவருக்கும் நன்றி. நல்ல வேளையாக ஆடியோ இன்னும் அழிக்கப்படவில்லை. முப்பத்தாறு பகுதிகளையும் சேமித்துவிட்டேன். அந்தக் குழுவில் கதை சுற்றும் மேலும் இரண்டு எழுத்தாளர்களிடம் இன்று மாலை பேசுகிறேன்.