மறு: 'கெஸ்ட்' எண்ணிக்கைக்கு என்ன சொல்?

> விருந்தினர் என்றே போடலாமே. அழகான சொல், எல்லோருக்கும் புரியும்.

ஐயா, வணக்கம்.

அழகான சொல்தான். ஆனால் நாம் தமிழாக்கும் இணைய மன்றத்தில், இப்போது இணைப்பில் இருப்போர் பட்டியலில் 'கெஸ்ட்' என்று தெரியும் எண், ஆட்களை எண்ணி வருவதில்லை. மன்றத்தை நடத்தும் மென்பொருளான பிஎச்பிபிபி-யின் (phpBB) நிரலைத் திறந்து பாருங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் (நிர்வாகி மாற்றாத வரை அதுதான் கணக்கு) உள்நுழையாமல் பக்கம் கேட்ட அமர்வுகளை எடுத்து, அவற்றில் வெவ்வேறு ஐபி முகவரிகள் (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்) எத்தனை என்று பார்க்கிறது. அவ்வளவுதான்.

கல்லூரி விடுதியில் ஒரே இணைப்பில் இருபது பேர் படித்தாலும் ஒன்று என்றே காட்டும். செல்பேசி நிறுவனங்களும் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகின்றன, அங்கேயும் இதே கதை. வீட்டு வைஃபையில் படித்துக்கொண்டே தெருவில் இறங்கி மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ஒருவரே இரண்டாகிவிடுவார். தேடுபொறித் தானியங்கிகளை அடையாளம் பார்த்துத் தனியே ஒதுக்குகிறது, சரி. சாதாரண உலாவி போல வேடமிட்டு, நூற்றுக்கணக்கான முகவரிகளிலிருந்து பக்கங்களைச் சுரண்டிப் போகும் நிரல்களை என்ன செய்வது? அவை அத்தனையும் நம் 'விருந்தினர்'! 'இதுவரை அதிகபட்சம்' என்ற வரியில் நம்பவே முடியாத எண் நின்றால் பெரும்பாலும் இவற்றின் வேலைதான்.

தமிழில் எண்ணும்போதே திணை வெளிப்பட்டுவிடும். 'எட்டு விருந்தினர்' என்றால் எட்டு மனிதர்கள் என்று நாமே உறுதி கொடுத்ததாகிவிடும். ஆகவே அஃறிணைச் சொல்தான் வேண்டும். என் பரிந்துரை: உள்நுழையா வருகை.

முந்தைய மடல்களில் 'லர்க்கர்' என்பதையும் இதோடு சேர்த்துக் குழப்பிவிட்டோம். அது வேறு. பிளேர் நானெக்கி, ஜென்னி ப்ரீஸ் இருவரும் 2000-இல் மின்னஞ்சல் குழுக்களை ஆராய்ந்தபோது, உறுப்பினராக இருந்தும் எழுதாதவர்களைத்தான் எண்ணினார்கள். உடல்நலக் குழுக்களில் சுமார் 46 விழுக்காடு, மென்பொருள் உதவிக் குழுக்களில் 82. இவர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்துச் சேர்ந்த ஆட்கள், எனவே உயர்திணையே பொருந்தும். 'ஒளிந்திருப்பவர்' என்று ஒருவர் சொன்னார். திருடன் மாதிரி இருக்கிறது, வேண்டாம். மௌன வாசகர் போதும்.

---

தம்பி,

திணைக் கணக்கு சரி, விருந்தினரை விட்டுவிடுகிறேன். ஆனால் உள்ளே நுழையாமல் வருகை எப்படி? முதல் நாளே யாராவது கேலி செய்வார்கள். பெயரிலா வருகை என்று வைப்போம். பெயர் சொல்லவில்லை என்பது மட்டும்தான் நமக்கு உறுதியாகத் தெரியும், வந்தது ஆளா நிரலா என்பது தெரியாது.

இன்னொரு சிக்கலை நீங்கள் தொடவில்லை. அந்த மென்பொருள் உறுப்பினரையும் வருகையையும் கூட்டி ஒரே மொத்தமாகக் காட்டுகிறது. நாம் இப்போது மொழிபெயர்த்து வைத்திருப்பது 'மொத்தம் 12 பேர் இணைப்பில்'. அந்தப் 'பேர்' மொத்தத்தில் இருக்கக் கூடாது, உறுப்பினர் பக்கம் மட்டும் நிற்கட்டும். உள்நுழைந்தும் தன் பெயரைக் காட்டாதவரும் உறுப்பினரே, அவரை மறைந்திருப்போர் என்று தனியே சொல்லலாம். இப்படி:

இணைப்பில் மொத்தம் 12: உறுப்பினர் 3 பேர், மறைந்திருப்போர் 1, பெயரிலா வருகை 8 (கடந்த 5 நிமிடக் கணக்கு)

ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரும் மறுக்காவிட்டால் மொழிக் கோப்பில் ஏற்றிவிடுங்கள்.