பிரிசிஷன் லேத்துக்கு மாறினா நிஜமாவே பிரயோஜனம் இருக்கா?

கேள்வி:
வணக்கம், சின்ன மெஷின் ஷாப் நடத்துறோம், சாதாரண லேத்துல (கடைசல் மெஷின்) ஷாஃப்ட், புஷ் எல்லாம் பண்றோம். பேரிங் உட்கார்ற இடத்துல பீஸுக்கு பீஸ் சைஸ் மாறுது, எமரி போட்டு தேய்ச்சு சரி பண்ணியே பாதி நேரம் போயிடுது. பிரிசிஷன் லேத் வாங்கினா இது தீருமா?

பதில் 1:
பெரும்பாலும் தீரும்ங்க. ஸ்பிண்டில் ரன்அவுட், அதாவது பீஸை சுத்துற தண்டோட ஆட்டம், சில மைக்ரானுக்குள்ள (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருந்து, மெஷினோட அடிப்பாகமான பெட்டும் நல்லா ரிஜிட்டா இருந்தா சைஸ் நிக்கும், ரவுண்ட்னஸும் வரும். ஆனா உண்மையான லாபம் வேகத்துல இல்ல, ரிஜெக்‌ஷனும் ரீவொர்க்கும் குறையுது பாருங்க, அதுல தான் இருக்கு. ஒவ்வொரு பீஸையும் அளக்க வேண்டியதில்ல, இடையில எடுத்து செக் பண்ணா போதும்.

பதில் 2:
இன்னொண்ணு, 45 ஹெச்ஆர்சிக்கு (ராக்வெல் கடினத்தன்மை அளவு) மேல ஹார்டன் பண்ண ஜாபையும் சிபிஎன் இன்சர்ட் (கியூபிக் போரான் நைட்ரைடு வெட்டுமுனை) போட்டு லேத்துலயே ஃபினிஷ் பண்ணலாம், நிறைய ஜாபுக்கு கிரைண்டிங்கே வேணாம். ஒரே பிடியில வெளி டயா, போர் (உள் துளை), ஃபேஸ் மூணும் முடிச்சா கான்சென்ட்ரிசிட்டியும், அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் மையம் ஒண்ணா இருக்கறதும், தானா வந்துடும்.

பதில் 3:
மெஷின் மட்டும் மாத்தினா பத்தாது சார். 100 மிமீ ஸ்டீல் 10 டிகிரி சூடானா கிட்டத்தட்ட 11, 12 மைக்ரான் நீளும், சூடா இருக்கும்போதே அளந்தா எந்த லேத்தும் காப்பாத்தாது. கூலண்ட், மைக்ரோமீட்டர் காலிப்ரேஷன் ரெண்டையும் விட்டுடாதீங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, சூடு விஷயத்தை நான் யோசிக்கவே இல்ல. பழைய மெஷின் ஸ்பிண்டில்ல டயல் கேஜ் வச்சு ஆட்டம் எவ்வளவுன்னு பாத்துட்டு ரீடிங் போடறேன்.