சிலம்பப் போட்டிக்குத் தலைக்கவசம் இரவல் கிடைக்குமா?

எல்லோருக்கும் வணக்கம். விருதுநகர் பக்கம் கோயில் திடலில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் கற்றுத் தருகிறோம். வரும் ஞாயிறு மதுரையில் ஒரு சின்னப் போட்டி. ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு வீச்சுக்குக் கவலையில்லை, நன்றாகச் சுற்றுகிறார்கள். இருவர் எதிரெதிரே நின்று கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைக்குத்தான் தலைக்கவசமும் மார்புக்கவசமும் போதவில்லை. பழகும்போதே ஒன்றை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அடி தலையில் விழும் ஆட்டம், கவசம் இல்லாமல் யாரையும் இறக்க மாட்டேன்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதற்கப்புறம் சின்னப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், அதனால் சிறிய அளவுதான் அதிகம் தேவை. மதுரை, விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் சனி, ஞாயிறு மட்டும் கொடுங்கள். நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம், திங்களன்று சுத்தம் செய்து கொண்டுவந்து தருவோம்.